படியேறும்போது வந்த மயக்கம்

கல்யாண மண்டபத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார். இன்னொருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் பார்ப்பார். கை கால் லேசாக வெட்டி இழுத்துவிட்டால் போதும், எங்கிருந்தோ ஒரு சாவிக்கொத்து வந்து உள்ளங்கைக்குள் திணிக்கப்படும். விழுந்தவர் கண் திறந்ததும் காரணம் தேடும் படலம். காலையிலிருந்து சாப்பிடவில்லை, வெயில் தாங்கவில்லை, சுகர் இறங்கிவிட்டது, பிபி லோ. இவற்றில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதோடு எல்லோரும் பந்திக்குப் போய்விடுவார்கள்.

பெரும்பாலான மயக்கங்களுக்கு இந்த விளக்கம் பெரிய தீங்கு செய்வதில்லை. நெடுநேரம் நின்றது, ரத்தத்தைப் பார்த்தது, ஊசிக்குப் பயந்தது, புழுக்கம் என்று ஏதோ ஒன்று வேகஸ் நரம்பைத் தூண்டிவிடுகிறது. நாடி தளர்கிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது. விழுவதற்கு முன்பே வியர்த்துக் கொட்டும், குமட்டும், கண் இருட்டிக்கொண்டு வரும். பயமுறுத்துகிற மயக்கம் இது. ஆனால் உயிரைப் பறிக்கிற மயக்கம் இல்லை.

இந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு வேறொரு மயக்கமும் வருகிறது. அது இதய வால்விலிருந்து வருவது. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அடுத்த முறை விழுபவர் எழுந்திருக்காமலே போகக்கூடிய வகை அது. இரண்டையும் பிரித்தறிவதற்கு முதல் கட்டத்தில் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. சரியான இரண்டு கேள்வியும் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் போதும். அந்தக் கேள்விகளைக் கேட்க நேரமில்லாமல் குளூகோஸ் ஏற்றி அனுப்பிவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

மயக்கம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். மூளை ரத்தத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் உறுப்பு இல்லை. ஆறு முதல் எட்டு விநாடி வரத்து நின்றாலே நினைவு தப்பிவிடும். உடல் தரையில் சாய்ந்ததும் கால்களில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப, மூளைக்கு மறுபடி ரத்தம் கிடைக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் ஆள் எழுந்துவிடுவார். ஆகவே விழுந்தவரை நாற்காலியில் தூக்கி உட்கார வைப்பது உடல் செய்யப் பார்க்கும் வைத்தியத்தைக் கெடுக்கும் வேலை. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துவதுதான் சரி. நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். ரத்தம் குறையும்போது மூளை எரிச்சலடைவதால் கை கால் சில விநாடி வெட்டுவது சாதாரணம். எல்லாம் வலிப்பு ஆகிவிடாது. இதயக் கோளாறால் மயங்கியவர்கள் வலிப்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பது மருத்துவர்களுக்குப் பழகிப்போன கதை. சாவிக்கொத்தால் இரண்டுக்குமே பயனில்லை.

இனி அந்த இரண்டு கேள்விகள்: மயங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார், நடந்தால் மூச்சு வாங்குகிறதா? புறநோயாளிப் பிரிவில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"என்ன பண்ணிட்டு இருந்தப்ப மயக்கம் வந்துச்சுங்கய்யா?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். சும்மா தண்ணிக் கேனைத் தூக்கிட்டு மாடிக்குப் போனேன்."

"நடந்தா மூச்சு வாங்குதா? நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க."

பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவி குறுக்கிடுவார். "எங்கேர்ந்துங்க மூச்சு வாங்கும்? நடந்தாத்தான? சந்தைக்குப் போறதையே விட்டுட்டாரு. கோயிலுக்குக் கூப்பிட்டா, வயசாயிடுச்சு நீ போயிட்டு வாங்கறாரு."

அனுபவமுள்ள மருத்துவரின் பேனா இந்த இடத்தில் நிற்கும். "சும்மா மாடிக்குப் போனேன்" என்பது உழைப்பின்போது வந்த மயக்கம். "மூச்சு வாங்கவில்லை" என்பது, மூச்சு வாங்காத அளவுக்கு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டதன் அடையாளம். வால்வு நோயாளிகள் பொய் சொல்வதில்லை. தங்களுக்கே தெரியாமல் ஒவ்வொரு வேலையாகக் கைவிட்டுவிடுகிறார்கள். கூட வருகிற மனைவியோ மகளோ மருமகளோ சொல்லும் ஒரு வாக்கியம், ஆயிரக்கணக்கில் செலவாகும் பல பரிசோதனைகளை விடப் பெறுமானம் உள்ளது என்பது என் எண்ணம்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் வெளியேறுகிற வாயிலில் இருப்பது பெருந்தமனி வால்வு. மருத்துவமனையில் அயோர்டிக் வால்வு என்பார்கள். மெல்லிய மூன்று இதழ்கள். முழுதாகத் திறந்தால் மூன்று நான்கு சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடும் இந்த இதழ்களில் வயதாக ஆகக் கால்சியம் படிகிறது. இதழ்கள் தடித்து, கல்லாகி, பாதிதான் திறக்கின்றன. வழி ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் அது கடுமையான சுருக்கம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குப் பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்தான் அமைகிறது. அவர்களுக்கு இந்தச் சுருக்கம் பத்து இருபது ஆண்டு முன்னதாகவே வந்துவிடும்.

வழி குறுகக் குறுக, இதயம் தன் தசைச் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டு ஈடுகட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தெரியாது. பிறகு ஒருநாள் மூன்றில் ஏதாவது ஒன்று தலைகாட்டும்: நடந்தால் நெஞ்சுவலி, உழைத்தால் மயக்கம், மூச்சுத்திணறல். 1968ல் ஜான் ராஸ், யூஜின் பிரவுன்வால்ட் என்ற இரு அமெரிக்க இதய மருத்துவர்கள் இந்த நோயின் போக்கை ஒரே வரைபடமாகப் போட்டார்கள். இன்றைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். தொந்தரவு இல்லாத காலம் முழுக்கக் கோடு கிட்டத்தட்ட மட்டமாகப் போகிறது. அறிகுறி தோன்றிய இடத்திலிருந்து செங்குத்தாகச் சரிகிறது. வால்வை மாற்றாமல் விட்டால், மயக்கம் வரத் தொடங்கிய பிறகு சராசரி ஆயுள் மூன்றாண்டு என்பது அவர்கள் கணக்கு. இதயம் செயலிழந்து மூச்சுத்திணறல் வந்தவர்களுக்கு அதைவிடவும் குறைவு. பல புற்றுநோய்களை விட மோசமான கணக்கு இது. ஆனாலும் புற்றுநோய் என்ற சொல்லுக்கு இருக்கும் பயத்தில் நூறில் ஒரு பங்குகூட "வால்வு சுருங்கியிருக்கு" என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இல்லை.

ஏன் மயக்கம்? அடைப்பு இருக்கிறது, ரத்தம் போகவில்லை, மயங்குகிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிக் காரணம்தான். படியேறும்போது கால் தசைகளின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நல்ல இதயம் அந்த நேரத்தில் பல மடங்கு ரத்தத்தை வெளித்தள்ளி அழுத்தத்தைக் காப்பாற்றிவிடும். சுருங்கிய வால்வு உள்ளவரின் இதயத்தால் அந்தக் கூடுதல் ரத்தத்தைத் தள்ள முடியாது. குழாய்கள் விரிந்துவிட்டன, வரத்து ஏறவில்லை, அழுத்தம் விழுகிறது. இதற்கு மேல் இன்னொரு வினோதமும் நடக்கிறது. கையில் பட்டை சுற்றி அளந்தால் 120 காட்டும் ஒருவருக்கு, இதயக் கீழறைக்குள் 220 வரைகூட இருக்கலாம். மிச்சம் நூறும் வால்வைத் தாண்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. உள்ளே எகிறும் இந்த அழுத்தத்தைக் கீழறைச் சுவரில் உள்ள உணர்விகள் படித்துவிட்டு, உடம்பு முழுக்க ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக எண்ணி, குழாய்களை இன்னும் விரிக்கவும் நாடியைத் தளர்த்தவும் உத்தரவு போடுகின்றன. ஏற்ற வேண்டிய நேரத்தில் உடம்பே அழுத்தத்தை இறக்குகிறது. சிலருக்கு வால்வில் படிந்த கால்சியம் பக்கத்தில் ஓடும் மின்பாதைக்குள் இறங்கி, இதயத்துடிப்பையே அவ்வப்போது நிறுத்திவைக்கும். வேறு சிலருக்குத் தடித்த தசை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்.

இதனால் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைக்க வேண்டும் என்பது நம்மூரில் பாட்டி வைத்தியம் அளவுக்குப் பரவிவிட்டது. மாத்திரையைப் பர்ஸிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை ரத்தக் குழாய்களை விரிக்கும். வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கு அதுவே மயக்கத்தை வரவழைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்கிற மாத்திரை அது இல்லை. புராஸ்டேட்டுக்குத் தரப்படும் சில மாத்திரைகள், சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை, புதிதாகக் கூட்டிய பிபி மாத்திரை எல்லாமே இந்தப் பட்டியலில் வரும்.

கேள்விக்கு அடுத்தது கையும் காதும். மருத்துவர் கழுத்து நாடியில் விரலை வைக்கிறார். நல்ல நாடி விரலில் சட்டென்று மோதும். இவருக்கு மெலிந்து, மெதுவாக, தயங்கி எழும்பும். வயதானவர்களின் ரத்தக் குழாய் விறைத்துப்போயிருப்பதால் இந்தத் தயக்கம் மறைந்துவிடுவதும் உண்டு. பிறகு மார்பெலும்பின் வலப்பக்கம், மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் "லப்" என்பதற்கும் "டப்" என்பதற்கும் இடையில் கரகரவென்று ஒரு முணுமுணுப்பு. ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். கழுத்து வரை கேட்கும். அந்த உச்சம் எவ்வளவு பிந்தி வருகிறதோ, "டப்" எவ்வளவு மங்குகிறதோ, சுருக்கம் அவ்வளவு கடுமை. சத்தத்தின் உரப்பை வைத்து மட்டும் முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். இதயம் களைத்து, தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டால் முணுமுணுப்பும் அடங்கிப்போகும். நோய் முற்றியவரின் நெஞ்சு, நோய் தொடங்கியவரின் நெஞ்சை விட அமைதியாக இருக்கும்.

காதை நம்பியே இருந்த காலத்தை மாற்றியது ஒரு கப்பல் கட்டும் தளத்துக் கருவி. சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக மருத்துவர் இங்கெ எட்லருக்கு 1950களின் தொடக்கத்தில் ஒரு சங்கடம் இருந்தது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் சுருக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை வந்துவிட்டது. ஆனால் நெஞ்சைத் திறப்பதற்கு முன் வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. கசியும் வால்வை விரித்துவிட்டால் நோயாளி கதி அவ்வளவுதான். ராடார் போல எதையாவது உள்ளே அனுப்பிப் பார்க்க முடியுமா என்று அதே ஊர் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸிடம் கேட்டார். ஹெர்ட்ஸ், நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹெர்ட்ஸின் மகன். மால்மோ நகரக் கப்பல் தளத்தில் உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று மீயொலியை அனுப்பிப் பார்க்கும் ஒரு கருவி இருந்தது. அதை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி, ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஏதோ ஒன்று இதயத்துடிப்புக்கு ஏற்ப அசைந்தது. 1953 அக்டோபர் 29 அன்று, சீமென்ஸ் நிறுவனம் கொடுத்த கருவியால் முதல் எக்கோ பதிவானது. திரையில் அசைந்த கோட்டை முதலில் மேலறைச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களின் இதயங்களை அறுத்து ஒப்பிட்ட பிறகுதான் அது மைட்ரல் வால்வின் இதழ் என்று தெரிந்தது. யாரைத் தேடிப் புறப்பட்டார்களோ அவரே கண்முன் நின்றிருக்கிறார்.

எக்கோ வால்வைக் காட்டிவிட்டது. சுருக்கம் எவ்வளவு என்று அளப்பதற்கு இன்னொரு கால் நூற்றாண்டு ஆனது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுவது போலத்தான் சுருங்கிய வால்வு வழியாக ரத்தமும் பீய்ச்சுகிறது. அந்த வேகத்தை டாப்ளர் முறையில் அளக்கலாம். வேகம் தெரிந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். அதற்கான சமன்பாட்டை டேனியல் பெர்னூலி 1738லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார். 1970களில் நார்வேயைச் சேர்ந்த ஹோலன், லிவ் ஹாட்லே ஆகியோர் அதை இதயத்துக்குப் பொருத்தினார்கள். சூத்திரம் பள்ளிக்கூடப் பையன் போடும் அளவுக்கு எளிது: விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை வர்க்கமாக்கி நாலால் பெருக்கு. நல்ல வால்வில் வேகம் ஒன்று, ஒன்றரை. அது 4 ஆகிவிட்டால் 4 இன்டு 16, அதாவது 64 மில்லிமீட்டர் பாதரச அழுத்த வேறுபாடு. எக்கோ ரிப்போர்ட்டில் வேகம் 4க்கு மேல், சராசரி அழுத்த வேறுபாடு 40க்கு மேல், பரப்பு 1க்குக் கீழ் என்று இருந்தால் கடுமையான சுருக்கம். அதோடு உழைப்பில் மயக்கமும் இருந்தால் வால்வை மாற்றுவது பற்றிய பேச்சைத் தள்ளிப்போட இடமே இல்லை. அப்படிப்பட்டவரை "எதுக்கும் ஒரு டிரெட்மில் பார்த்துடலாம்" என்று ஓடவிடுவது ஆபத்து. அறிகுறி எதுவும் இல்லாதவரிடம், மருத்துவர் பக்கத்தில் நின்று கவனமாகச் செய்ய வேண்டிய சோதனை அது.

இந்த மூன்று எண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பரப்பு 0.8 என்று இருக்கும், அழுத்த வேறுபாடு 25தான் இருக்கும். வால்வு நிஜமாகவே கல்லாகிவிட்டதா, இதயம் பலவீனமாகத் தள்ளுவதால் வால்வு சரியாகத் திறக்கவில்லையா? டோபுடமைன் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, இதயத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு மறுபடி எக்கோ பார்க்கிறார்கள். அல்லது சிடி ஸ்கேனில் வால்வின் கால்சியத்தை எண்ணுகிறார்கள். ஆண்களுக்கு 2000 புள்ளி, பெண்களுக்கு 1200 புள்ளி தாண்டினால் கடுமையான சுருக்கத்துக்கே வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு ஏன் குறைவு? அவர்கள் வால்வில் கால்சியத்தை விட நார்த்திசுதான் கூடுதலாகப் படிகிறது. ஆண்களின் அளவுகோலைப் பெண்களுக்கும் வைத்திருந்தால் எத்தனை பேர் தப்பிப்போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எழுபது வயதுக்காரர் மயங்கினார், எக்கோவில் வால்வுச் சுருக்கம் "மிதமானது" என்று வந்தது, பழியை வால்வின் மேல் போட்டாயிற்று. மிதமான சுருக்கம் மட்டும் மயக்கம் தருவது அரிது. அவர் மயங்கியது படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கியதால் இருக்கலாம். படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிபி பார்த்தால் தெரிந்துவிடும். செலவில்லாத இந்தப் பரிசோதனை நம் கிளினிக்குகளில் அபூர்வமாகத்தான் நடக்கிறது. இதயத்துடிப்பு இடையிடையே நின்றுபோவதால் இருக்கலாம். அதற்கு ஈசிஜி, 24 மணி நேர ஹோல்ட்டர், சிலருக்குத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறிய பதிவுக் கருவி. குடலில் ரத்தம் கசிந்து சோகை வந்ததாலும் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தில் ஒரு திருப்பம் உண்டு. 1958ல் எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க மருத்துவர், வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் ரத்தக்கசிவும் சேர்ந்தே வருகிறதே என்று எழுதினார். காரணம் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ரத்தம் உறைய உதவும் ஒரு நீளமான புரதம், சுருங்கிய வால்வைப் பிய்த்துக்கொண்டு பாயும்போது சிதைந்துபோகிறது. ஆகவே வால்வு நோயாளி மயங்கினால், மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்பதும் இதய மருத்துவம்தான்.

வால்வுச் சுருக்கம் போலவே வேஷம் போடும் இரண்டு நோய்களையும் சொல்ல வேண்டும். விளையாட்டு மைதானத்தில் மயங்கி விழும் இளைஞருக்கு இதயத் தசை பிறவியிலேயே தடித்துப்போயிருக்கலாம். அவருக்கும் முணுமுணுப்பு கேட்கும். உட்கார்ந்து எழச் சொன்னால் குட்டு வெளிப்படும்: எழுந்து நின்றதும் அந்தச் சத்தம் கூடும், குந்தி உட்கார்ந்தால் குறையும். வால்வுச் சுருக்கத்தில் இதற்கு நேர் எதிர். இன்னொன்று, இடது மேலறையில் காம்போடு தொங்கும் மிக்சோமா என்ற கட்டி. திரும்பிப் படுத்தால், குனிந்து நிமிர்ந்தால் அது நழுவி மைட்ரல் வால்வின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். எக்கோவில் பார்த்த உடனே தெரிந்துவிடும்; எடுத்துவிட்டால் தீர்ந்தது.

இளவயது என்றால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண், சில வாரம் கழித்து மூட்டு வீக்கமாகத் திரும்பி வந்து, போகிற போக்கில் மைட்ரல் வால்வைத் தொட்டுவிட்டுப் போகிறது. பத்திருபது ஆண்டு கழித்து வால்வு சுருங்கும். மைட்ரல் சுருக்கத்தில் மயக்கத்தை விட மூச்சுத்திணறலே முந்தி வரும். நுரையீரல் அழுத்தம் மிக உயர்ந்தாலோ, மேலறை தாறுமாறாகத் துடித்தாலோதான் மயக்கம் வரும். கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுவதால், அதுவரை தெரியாமல் இருந்த சுருக்கம் ஐந்தாறு மாதத்தில் வெளியே வரும். "மாசமா இருக்கறப்ப மயக்கம் வரத்தான் செய்யும்" என்ற ஆறுதலுக்குள் இது புதைந்துபோகக் கூடாது. ஒரு தடவை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட வேண்டும்.

ருமாட்டிக் நோயாளிகள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் பென்சிலின் ஊசியிலும் மயக்கம் நுழைந்திருக்கிறது. ஊசி போட்டதும் ஒருவர் சரிந்தால் உடனே "பென்சிலின் அலர்ஜி" என்று முத்திரை குத்தப்படும். அமெரிக்க இதயச் சங்கம் 2022ல் வெளியிட்ட அறிவுரை வேறொன்றைச் சொல்கிறது. வால்வு கடுமையாகக் கெட்டவர்களில் நடந்த இறப்புகளில் பலவும் ஒவ்வாமையால் அல்லாமல், வலியாலும் பயத்தாலும் அழுத்தம் திடீரென்று சரிந்து, பழுதான இதயம் அதைத் தாங்க முடியாமல் போனதால் நிகழ்ந்திருக்கலாம். ஆகவே அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையைப் பரிசீலிக்கலாம். ஊசிதான் என்றால் வெறும் வயிற்றோடு போகாமல், தண்ணீர் குடித்துவிட்டு, படுத்த நிலையில் போட்டுக்கொள்வது நல்லது. மற்ற பெரும்பாலோருக்கு ஊசியே சிறந்தது. பயந்துகொண்டு நிறுத்திவிடக் கூடாது.

சிகிச்சைக்கு வருவோம். பெருந்தமனி வால்வுச் சுருக்கத்தைக் கரைக்கும் மாத்திரை இதுவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் முடியுமா என்று பெரிய ஆய்வுகள் செய்து பார்த்தார்கள். வால்வு அசைந்து கொடுக்கவில்லை. வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் வால்வு திறக்கும் என்று யூடியூபில் சொல்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வால்வை மாற்றத்தான் வேண்டும்.

1960ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும், லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைப் பொருத்தினார்கள். நம் நாட்டுக்கு அந்த வால்வுகள் கட்டுப்படியாகாத விலையில் வந்தன. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழு சொந்தமாக ஒன்று செய்ய இறங்கியது. முதல் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பாலிஎத்திலீன் வட்டு சாய்ந்து திறக்கும் நான்காவது வடிவம் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அந்தச் சித்ரா வால்வு, இன்றைக்கு நம் ஊர்களில் பலர் நெஞ்சில் "டிக் டிக்" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

உலோக வால்வு வைத்தவர் மயங்கினால் அது தனி அவசரம். அவர்கள் ஆயுள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட்டு, ரத்தம் உறையும் அளவை ஐஎன்ஆர் சோதனையில் பார்த்து வர வேண்டும். மாத்திரையை இடையில் நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி படிந்து, வட்டு சிக்கிக்கொள்ளும். பல் பிடுங்கவோ நாட்டு மருந்து சாப்பிடவோ தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டு, சில வாரத்தில் மயங்கி வருகிறவர்கள் உண்டு. "முன்ன கேட்ட டிக் சத்தம் இப்பக் கேக்கல" என்று வீட்டில் யாராவது சொன்னால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மறுபுறம், மாத்திரை மிஞ்சிப்போனவர் தலையில் அடிபட்டு விழுந்திருந்தால் மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும்.

நெஞ்சைத் திறக்க முடியாத முதியவர்களுக்கு 2002ல் வழி பிறந்தது. பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே, அந்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று, 57 வயது நோயாளி ஒருவருக்குத் தொடை ரத்தக் குழாய் வழியாக வால்வை உள்ளே கொண்டுபோய் விரித்துவைத்தார். அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கைவிட்ட நோயாளி அவர். சில மாதங்களில் வேறு சிக்கல்களால் இறந்துபோனாலும், வால்வு வேலை செய்தது. டாவி என்று இன்று அழைக்கப்படும் இந்த முறை சென்னை, கோவை, மதுரை வரை வந்துவிட்டது. குஜராத்தில் தயாராகும் வால்வுகளும் கிடைக்கின்றன. ஆனாலும் செலவு இன்னும் பல லட்சம். அரசு மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவது காப்பீட்டில் நடக்கிறது என்பதையும், எழுபது வயதுக்குள் உள்ள பலருக்கு அதுவே நல்ல சிகிச்சை என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

புது வால்வு வந்த பிறகும் மயக்கம் வந்தால்? டாவி வால்வு விரியும் இடத்துக்கு ஒட்டினாற்போல் இதயத்தின் மின்பாதை ஓடுகிறது. அது நசுங்கினால் துடிப்பு தளரும். பத்தில் ஒருவர் அளவுக்கு, வால்வின் வகையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ, பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. சிலருக்கு இது வீட்டுக்குப் போன சில நாட்களில் நேரும். "வால்வுதான் மாத்தியாச்சே, இது களைப்பு" என்று படுக்கவைத்துவிடாமல், அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிட வேண்டும்.

அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் வாரங்களில் பளு தூக்குவது, ஓடுவது, மலை ஏறுவது வேண்டாம். வயிற்றுப்போக்கில் நீர் வற்ற விடக் கூடாது. இருசக்கர வண்டி ஓட்டவே கூடாது. சாவியை வீட்டில் உள்ளவர்கள் வாங்கி வைத்துவிடுவது உத்தமம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால், விழுந்ததை நேரில் பார்த்தவரும் கூடவே மருத்துவரிடம் போகட்டும். என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார், முன்னறிகுறி இருந்ததா, முகம் வெளுத்ததா, எவ்வளவு நேரத்தில் எழுந்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லட்டும். நடக்கும்போது, படியேறும்போது, சுமை தூக்கும்போது வந்த மயக்கமென்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். எக்கோ பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அவர் சொல்லாவிட்டாலும் கேளுங்கள். எக்கோ வசதி இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது.